ஆறு மூளைகள், 3,702 மாதிரிகள்: ஆலன் அட்லஸும் அபாஜெனும் எவ்வளவு பாரம் தாங்கும்?

மூளையின் செயல்பாட்டு வலையமைப்புகளுக்கும் (சேர்ந்து இயங்கும் பகுதிகளின் கூட்டங்கள்) மரபணு வெளிப்பாட்டுக்கும் (எந்த இடத்தில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது) என்ன உறவு என்று பார்க்க உட்காருகிற எவருக்கும் முதல் நாளே இரண்டு பொருள்கள் தேவைப்படும். ஒன்று, சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் வெளியிட்ட மனித மூளை அட்லஸ். இன்னொன்று, அந்த அட்லஸைக் கடைந்து பகுதி வாரியான அட்டவணையாக எடுத்துத் தரும் அபாஜென் என்ற பைத்தான் கருவிப்பெட்டி. இரண்டுக்கும் காசு கிடையாது. சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே பார்த்தே ஆகவேண்டும். கருவியை நிறுவி, ஒரே வரியில் அட்டவணையை எடுத்து, கையிலுள்ள எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்குவதைப் படமெடுக்கும் முறை) வரைபடத்தோடு ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) கணக்கிட்டு, தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.001 வந்ததும் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுகிறவர்கள் நிறைய. அந்த 0.001-இல் பெரும்பங்கு, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றுபோல் இருக்கும் என்ற பழைய செய்திக்கே போய்ச் சேரும்.

பெட்டியில் என்ன இருக்கிறது

மொத்தம் ஆறு கொடையாளர்களின் மூளைகள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். வயது 24 முதல் 57 வரை. முதல் இரண்டு மூளைகளின் முழு விவரம் 2012-இல் நேச்சர் இதழில் வந்தது. மற்றவையும் சேர்ந்து 2013-இல் ஆறும் நிறைந்தன. அதற்குப் பின் ஏழாவது மூளை சேரவில்லை. இந்தத் துறையில் இன்றும் வெளியாகிக்கொண்டிருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதே ஆறு பேர் மேல்தான் நிற்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒவ்வொரு மூளையிலிருந்தும் நூற்றுக்கணக்கான இடங்களில் திசுவை எடுத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, அஜிலன்ட் மைக்ரோஅரே என்ற, ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்கும் சில்லில் அளந்திருக்கிறார்கள். ஆறு பேரிடமும் சேர்த்து 3,702 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் 58,692 ப்ரோப்களின் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவைப் பிடிக்கும் சிறு துணுக்குகள்) அளவீடு. இவை மொத்தமாக இருபதாயிரத்துச் சொச்சம் மரபணுக்களைத் தொடுகின்றன. கேட்க மலைப்பாக இருக்கும். பங்கீட்டைப் பார்த்தால் மலைப்பு இறங்கும். இரண்டு கொடையாளர்களிடமிருந்து 946, 893 என்று எடுத்திருக்கிறார்கள். மற்ற நால்வரிடமிருந்து 363, 529, 470, 501. ஆக, மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி இரண்டே பேருடையது. வலது அரைக்கோளத்தில் மாதிரி எடுத்ததும் அந்த இருவரிடம் மட்டும்தான். மற்ற நால்வருக்கும் இடது பக்கம் மட்டும்.

ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு சுருக்கக் கோப்பு. பிரித்தால் ஐந்து அட்டவணைகள் கிடைக்கும்: வெளிப்பாட்டு அளவுகள், ஒவ்வோர் அளவும் பின்னணி இரைச்சலைத் தாண்டியதா இல்லையா என்ற 1/0 குறிப்பு, ப்ரோப் விவரம், மாதிரி எடுத்த இடத்தின் எம்என்ஐ ஆயங்கள் (பொதுவான மூளை வார்ப்பில் அதன் இட எண்கள்), உடற்கூற்றுப் பெயர்களின் அடுக்கு. எல்லாம் சேர்ந்து சுமார் 4 ஜிபி. ஆவணம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தரவைத் தந்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை; எது அளக்கப்பட்டது, எது அளக்கப்படவில்லை என்று அவர்கள் ஒளிக்கவில்லை.

அளக்கப்பட்டது திசுத்துண்டு. அதில் நரம்பணுவும் உண்டு, கிளியா என்ற துணையணுவும் உண்டு, இரத்தக் குழாய்ச் சுவரும் உண்டு. ஒரு பகுதியில் ஒரு மரபணு கூடுதலாகத் தெரிந்தால், அங்குள்ள உயிரணுக்கள் ஒவ்வொன்றும் அதைக் கூடுதலாக வெளிப்படுத்துகின்றனவா, அல்லது அதை வெளிப்படுத்தும் உயிரணு வகை அங்கே எண்ணிக்கையில் கூடுதலா என்று இந்தத் தரவை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதாக, இந்த ஆறு பேருக்கும் உயிரோடு இருந்தபோது எடுத்த எஃப்எம்ஆர்ஐ கிடையாது. 2011-இல் வெளிவந்த யோ குழுவின் 7 வலையமைப்பு வரைபடம் 1,000 பேரின் ஓய்வுநிலை (வேலை எதுவும் கொடுக்காமல் எடுத்த) எஃப்எம்ஆர்ஐ பதிவுகளிலிருந்து வந்தது. அதை இந்த ஆறு பேரின் திசுவோடு ஒப்பிடும்போது, ஒரு கூட்டத்தின் சராசரியை இன்னொரு சிறு கூட்டத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறோம். ‘இந்த மரபணு அதிகம் உள்ளவருக்கு இந்த இணைப்பு வலுவாக இருக்கும்’ என்று ஒரு தனிமனிதரைப் பற்றிய வாக்கியம் இதிலிருந்து பிறக்கவே பிறக்காது. பிறந்துவிட்ட கட்டுரைகள் உண்டு.

அபாஜெனுக்கு ஏன் தேவை வந்தது

அட்லஸ் வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு நிரல் எழுதினார்கள். ஒருவர் ஒரு மரபணுவுக்கு உள்ள பல ப்ரோப்களின் சராசரியை எடுத்தார், இன்னொருவர் அளவு அதிகம் உள்ள ப்ரோப்பை எடுத்தார். ஒருவர் மூளைக்கு மூளை இயல்பாக்கினார் (அளவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்), இன்னொருவர் இயல்பாக்காமலே கூட்டினார். 2019-இல் மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு நியூரோஇமேஜ் இதழில் இந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசியது. 2021-இல் மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ராஸ் மார்க்கெல்லோவும் உடனிருந்தவர்களும் இலைஃப் இதழில் அபாஜெனை முறைப்படி வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் அசல் சரக்கு கருவி அறிமுகம் அல்ல. நடைமுறையில் உள்ள தேர்வுகளை எல்லாம் கலைத்துப்போட்டு, ஏறக்குறைய 7,50,000 வழிகளில் அதே தரவை ஓட்டிப் பார்த்தார்கள். விடை வழிக்கு வழி மாறியது. அதிகமாக ஆட்டியது மரபணு அளவை இயல்பாக்கும் படி. எந்தப் ப்ரோப்பைத் தேர்வது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டிய முடிவு அது.

நிறுவுவது எளிது: பிப் இன்ஸ்டால் அபாஜென். ஐஓ என்ற கூடுதல் பகுதியையும் சேர்த்து நிறுவிக்கொண்டால், முதல்முறை படித்த அட்டவணைகளைப் பார்க்கே என்ற, வேகமாகப் படிக்கும் கோப்பு வடிவில் சேமித்துக்கொள்ளும். அடுத்தடுத்த ஓட்டங்கள் கண்கூடாக வேகமாகும். பலமுறை ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். தரவு இறங்கும் இடத்தை ‘அபாஜென் டேட்டா’ என்ற சூழல் மாறியில் முன்பே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு அடைவில் போய் உட்காரும்; பல்கலைக்கழகப் பொதுக் கணினிகளில் அங்கே ஒதுக்கீடு சிறிது, பாதி இறங்கி நிற்கும்.

எரிச்சல் தரும் ஒரு விஷயம் பதிப்புப் பொருத்தம். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் 2-ஆம் பதிப்பு வந்தபோது சில பழைய கட்டளைகள் நீக்கப்பட்டன. அவற்றை நம்பி எழுதப்பட்ட அபாஜென் பதிப்பு நடுவில் பிழை சொல்லி நின்றுவிடும். பிழைச் செய்தியில் அட்டவணைப் பெயர்தான் இருக்குமே தவிர காரணம் இருக்காது. தரவு கெட்டுவிட்டது என்று நினைத்து 4 ஜிபியை மறுபடி இறக்குகிறவர்கள் உண்டு. தனிச் சூழல் ஒன்று உருவாக்கி, பாண்டாஸை 2-க்குக் கீழே கட்டிவைத்தால் தீர்ந்தது.

ஓட்டம்

கெட் எக்ஸ்பிரஷன் டேட்டா என்ற ஒரே செயலிக்கு உங்கள் மூளைப் பிரிவு வரைபடத்தைக் கொடுத்தால் போதும். வரிசைக்கு ஒரு பகுதி, நெடுவரிசைக்கு ஒரு மரபணு என்று அட்டவணை வரும். கூடவே வரும் டெசிகன்–கில்லியானி வரைபடத்தில் 68 புறணிப் (மூளையின் வெளியடுக்கு) பகுதிகளும் 15 புறணிக்கடிப் (அதற்கு அடியில் உள்ள) பகுதிகளும் உண்டு. எந்த விசையையும் (செயலியின் அமைப்புத் தேர்வு) தொடாமல் ஓட்டினால் 83 வரிசை, 15,633 நெடுவரிசை என்று வரும் என ஆவணமே சொல்கிறது. முதல் வேலையாக இதை ஓட்டிப் பாருங்கள். எண் மாறினால் பதிப்பிலோ இறக்கிய கோப்பிலோ ஏதோ கோளாறு. உங்கள் சொந்த வரைபடத்துக்குப் போகும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது வரிசையாக இது. முதலில் ப்ரோப்களின் மரபணுப் பெயர்கள் புதுப்பிக்கப்படும். பழைய பட்டியலில் தவறான மரபணுவின் பெயரில் இருந்தவை இதில் விழுந்துவிடும். அடுத்து, பாதி மாதிரிகளிலாவது பின்னணி இரைச்சலைத் தாண்டாத ப்ரோப்கள் கழிக்கப்படும். இருபதாயிரம் பதினைந்தாயிரமாகச் சுருங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில். பிறகு, மரபணு ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ரோப் தேர்வு: பகுதிக்குப் பகுதி ஏறி இறங்கும் கோலம் கொடையாளருக்குக் கொடையாளர் எதில் அதிகம் ஒத்துப்போகிறதோ அது. அதன் பின் மாதிரிகள் உங்கள் வரைபடத்தின் பகுதிகளுக்குப் பங்கிடப்படும். கடைசியில் இயல்பாக்கம், சராசரி.

பங்கீட்டில்தான் சத்தமில்லாத தவறுகள் நடக்கும். மாதிரி ஒன்று எந்தப் பகுதிக்குள்ளும் நேராக விழாவிட்டால், இயல்பாக 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் பகுதிக்கு அது போகும். புறணியிலுள்ள இன்சுலாவுக்கும் புறணிக்கடியிலுள்ள பியூட்டாமெனுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் 2 மில்லிமீட்டர் பெரிய தூரம். புறணி மாதிரி புறணிக்கடிப் பகுதிக்குப் போய்விட்டால், அந்தப் பகுதியின் கோலமே மாறும். இரண்டு திசுக்களின் வெளிப்பாடும் அவ்வளவு வேறு. இதைத் தடுக்க, வரைபடத்தோடு ஒரு விவர அட்டவணையும் கொடுக்கலாம்: எண், பெயர், இடதா வலதா, புறணியா புறணிக்கடியா சிறுமூளையா என்று நான்கு நெடுவரிசை. கொடுத்துவிட்டால் மாதிரிகள் அரைக்கோளத்தையும் திசுவகையையும் தாண்டிப் போகாது. இது கட்டாயம் இல்லை என்று வைத்திருக்கிறார்கள். கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

அடுத்து, மாதிரியே விழாத பகுதிகள். டெசிகன்–கில்லியானியில் வலது முன்முனையும் வலது பொட்டுமுனையும் வெறும் வரிசையாக வரும். புறணியை 400 துண்டாக்கும் ஷேஃபர் 400 போன்ற நுண்ணிய பிரிவுகளில் வெற்றிடங்கள் பெருகும். நிரப்ப இரண்டு வழி தருகிறார்கள்: அருகிலுள்ள மாதிரியை எடுத்து ஒட்டுவது, அல்லது சுற்றியுள்ள மாதிரிகளைத் தூரத்துக்கேற்பக் கலந்து நிரப்புவது. இரண்டும் பக்கத்து வீட்டுக் குழம்பை நம் தட்டில் ஊற்றுவதுதான். பிறகு அந்தப் பகுதி பக்கத்துப் பகுதியோடு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிப்பது வியப்பே அல்ல. வலையமைப்புகளை ஒப்பிடும் வேலைக்கு நிரப்பவே நிரப்பாதீர்கள். வெற்றுப் பகுதிகளை விட்டுவிடுங்கள், அல்லது பெரிய பிரிவு கொண்ட வரைபடத்துக்குப் போங்கள். ஒரு பகுதிக்கு எத்தனை கொடையாளர்களிடமிருந்து மாதிரி வந்தது என்ற எண்ணிக்கையைத் தரும் விசை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, மூவருக்குக் குறைவாக உள்ள பகுதிகளைக் கழிப்பது நல்ல பழக்கம்.

வலது பக்கத்தை என்ன செய்வது? கண்ணாடிபோல் மாதிரிகளைப் பிரதியெடுக்கும் விசை உண்டு: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், இருபக்கமும். 2012 கட்டுரையில் இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை என்பதுதான் இதற்கு நியாயம். ஆனால் இரண்டே பேரில் தென்படாததை வைத்து இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இடது புறணியை மட்டும் வைத்து, வலது மாதிரிகளை இடம் மாற்றிச் சேர்த்துக்கொள்வது ஏற்கத்தக்க சமரசம். இருபக்கமும் பிரதியெடுத்துவிட்டுப் பகுதிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாகக் காட்டி பி மதிப்பை இறக்குவது சமரசம் அல்ல.

இயல்பாக்கம் ஏன் இவ்வளவு ஆட்டுகிறது என்பதற்கு விடை எளிது. ஆறு மூளைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஒரே மூளையின் இரண்டு புறணிப் பகுதிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. இயல்பாக்காமல் கூட்டினால், எந்தப் பகுதியில் யாருடைய மாதிரி அதிகம் விழுந்தது என்பதே கோலமாகத் தெரியும். அபாஜென் முதலில் மாதிரிக்குள், பிறகு ஒவ்வொரு கொடையாளருக்குள்ளும் மரபணுவுக்கு மரபணு, நடு மதிப்பையும் கால்மான வீச்சையும் (நடுப்பாதி அளவுகளின் பரவல்) வைத்த ஒரு எஸ் வடிவ வளைவில் போட்டு 0 முதல் 1 வரை நீட்டுகிறது. ஓரத்தில் துள்ளும் அளவுகள் அடங்கிவிடும். இந்த இயல்புத் தேர்வை மாற்றக் காரணம் எதுவும் இல்லை. சராசரியும் முதலில் ஒருவருக்குள், பிறகு ஆறு பேருக்கிடையே என்ற வரிசையில் நடக்கிறது. மாதிரிகளை நேரே கூட்டும் மாற்று வழியை எடுத்தால் அந்த 946-ம் 893-ம் மற்ற நால்வரையும் அமுக்கிவிடும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. புறணி, புறணிக்கடி இரண்டும் உள்ள வரைபடத்தைக் கொடுத்து, வந்த அட்டவணையிலிருந்து புறணி வரிசைகளை மட்டும் வெட்டி எடுப்பதும், புறணி மட்டும் உள்ள வரைபடத்தைக் கொடுப்பதும் ஒன்றல்ல. முதல் வழியில் இயல்பாக்கம் எல்லாத் திசுக்களையும் சேர்த்து நடக்கிறது. புறணிக்கடியிலுள்ள ஸ்ட்ரையேட்டமும் தாலமஸும் இரு முனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, புறணிப் பகுதிகள் அத்தனையும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். வலையமைப்பு ஆய்வு புறணியோடு நிற்கிறதென்றால் வரைபடத்தை முன்பே வெட்டிவிட்டுக் கொடுங்கள். அல்லது திசுவகைக்குத் திசுவகை தனித்தனியாக இயல்பாக்கும் விசையைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: பார்வால்புமினும் சோமாடோஸ்டாட்டினும். இரண்டும் தடுப்பு நரம்பணுக்களின் இரு வகைகளுக்கு அடையாளமான மரபணுக்கள். பார்வால்புமின் பார்வை, புலன், இயக்கப் புறணிகளில் தூக்கலாகவும், சோமாடோஸ்டாட்டின் உணர்ச்சி, நினைவோடு தொடர்புடைய லிம்பிக் பகுதிகளின் பக்கம் தூக்கலாகவும், ஒன்றுக்கொன்று எதிராகப் போக வேண்டும். உங்கள் அட்டவணையில் அப்படி வரவில்லை என்றால் பகுதி எண்களும் பெயர்களும் எங்கோ இடம் மாறிக் கிடக்கின்றன.

வலையமைப்புகளோடு ஒப்பிடும்போது

இந்தப் பொருளைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது 2015-இல் சயன்ஸ் இதழில் வந்த ரிச்சியார்டி குழுவின் கட்டுரையை. ஓய்வுநிலையில் சேர்ந்து இயங்கும் பகுதிகளுக்கிடையே மரபணு வெளிப்பாடும் சேர்ந்துபோகிறதா என்று பார்த்து, அந்த ஒற்றுமையைச் சுமக்கும் 136 மரபணுக்களை அவர்கள் பட்டியலிட்டார்கள். அயனி வாய்க்கால்களின் மரபணுக்கள் அதில் மிகுதி. அதோடு நிற்காமல், ஐமாஜென் என்ற பதின்பருவ மூளை ஆய்வுத் திட்டத்தின் 259 பதின்பருவத்தினரிடம் இந்த மரபணுக்களின் வேறுபாடுகள் செயல்பாட்டு இணைப்போடு தொடர்புபடுகின்றனவா என்றும், சுண்டெலி மூளையின் நரம்பிழை இணைப்புகளோடு பொருந்துகின்றனவா என்றும் சோதித்தார்கள். அழகான வடிவமைப்பு. 2017-இல் பான்டசாடோஸும் லீயும் எழுப்பிய மறுப்பும் கூர்மையானது: ஒரே வலையமைப்பில் உள்ள மாதிரிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அருகில் கிடப்பவை; அருகில் கிடக்கும் திசுக்கள் எப்படியும் ஒத்திருக்கும்; அந்தத் தூரத்தைக் கழித்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது? ரிச்சியார்டி குழு பதில் எழுதியது. யார் வென்றார் என்பதைவிட, அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத கட்டுரையை அதற்குப்பின் எழுத முடியாது என்றானது முக்கியம்.

ஆகவே நடைமுறை இப்படி இருக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி வெளிப்பாட்டு ஒட்டுறவை அடுக்கி ஓர் அணி உருவாக்குங்கள். அதன் மதிப்புகளைத் தூரத்துக்கு எதிரே புள்ளி வைத்துப் பாருங்கள். வேகமாக இறங்கித் தட்டையாகும் ஒரு வளைவு தெரியும். அபாஜெனிலேயே தூரத்தைக் கழிக்கும் செயலி இருக்கிறது. ஆனால் எந்த வளைவு உங்கள் தரவுக்குப் பொருந்துகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அடுக்கேற்ற இறக்க வளைவைப் (முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குவது) பொருத்தி எச்சத்தை எடுப்பது நல்லது. நேர்கோட்டைப் பொருத்திக் கழித்தால் குறுந்தூர ஒற்றுமை அப்படியே எஞ்சும்; மூன்று சென்டிமீட்டருக்குள் கிடக்கும் இணைகள் உங்கள் முடிவைத் தீர்மானித்துவிடும். தூரத்தை எம்என்ஐ ஆயங்களின் நேர்கோட்டில் அளப்பதா, புறணி மேற்பரப்பு வழியே அளப்பதா என்பதும் தேர்வுதான். மடிப்பின் இரு கரைகள் நேர்கோட்டில் அடுத்தடுத்து இருக்கும், மேற்பரப்பில் வெகுதூரம். புறணி மட்டும் என்றால் மேற்பரப்புத் தூரம்.

ஒரு வரைபடத்துக்கு எதிரே மரபணுக்களை வைக்கும் வேலைக்கு, வெறும் கலைத்துப்போடும் சோதனை செல்லாது. பகுதிகளை அங்கும் இங்கும் குலுக்கிப்போட்டால் மென்மையாகத் தொடரும் கோலம் சிதறிவிடும். அப்படிச் சிதறியவற்றோடு ஒப்பிட்டால் எந்த மென்மையான வரைபடமும் சிறப்பாகத் தெரியும். புறணியைக் கோளமாக விரித்து வரைபடத்தை அதன்மேல் சுழற்றும் சோதனை வேண்டும், அல்லது இடத் தன்னொட்டுறவைக் (அருகிலுள்ளவை ஒத்திருக்கும் தன்மை) காப்பாற்றும் போலி வரைபடங்கள் வேண்டும். பிரெய்ன்ஸ்மேஷ் என்ற கருவி இரண்டாவது வகை, 2020-இல் வந்தது. தூர அணியைக் கொடுத்தால் புறணிக்கடிப் பகுதிகளுக்கும் போலி தயாரிக்கும், கோளச் சுழற்சியால் அது ஆகாது. சுழற்சியில் நடுச்சுவரின் (அரைக்கோளத்தின் உட்பக்கத்தில் புறணி இல்லாத இடம்) வெற்றிடம் பகுதிகளின் மேல் வந்து உட்காருவதை எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர் கேட்பார்.

அடுத்த படி இன்னும் வழுக்கும். ஒட்டுறவு அதிகமுள்ள மரபணுக்களை எடுத்து, எந்தச் செயல்வகைகள் அதில் மிகுதி என்று ஜீன் ஆன்டாலஜி (மரபணுக்களைச் செயல்வகைகளாகப் பிரித்த பட்டியல்) வலைத்தளம் ஒன்றில் போடுவது வழக்கம். ‘சினாப்ஸ்’, ‘அயனிக் கடத்தல்’, ‘மைட்டோகாண்டிரியா’ என்று மனதுக்குப் பிடித்த சொற்கள் வந்து விழும். ஃபுல்ச்சரும் உடனிருந்தவர்களும் 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் காட்டியது: எந்த அர்த்தமும் இல்லாத தற்செயல் வரைபடங்களைக் கொடுத்தாலும், இந்த வழக்கமான சோதனை பொய் முடிவுகளை நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாகத் தரும். ஒரு செயல்வகைக்குள் உள்ள மரபணுக்கள் கூட்டமாகவே ஏறி இறங்குவதும், அவை இடத்தில் மென்மையாகப் பரவியிருப்பதும் காரணம். ஒன்று தற்செயலாகப் பொருந்தினால் அதன் கூட்டமே பொருந்தும். பரிகாரம், மரபணுக்களைக் குலுக்காமல், போலி வரைபடங்களைக் கொண்டே ஒவ்வொரு வகைக்கும் ஒப்பீடு தயாரிப்பது. கணக்கு மெதுவாக ஓடும். மடிக்கணினியில் இரவு முழுவதும் ஓடட்டும், பாதகமில்லை.

பகுதிச் சிறும இருமடிப் பின்னடைவு என்ற பிஎல்எஸ் முறையை (ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சில கூறுகளாகச் சுருக்கி வரைபடத்தோடு பொருத்துவது) நாடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடது புறணியில் 34 பகுதி, மறுபக்கம் பதினைந்தாயிரம் மரபணு. இந்த விகிதத்தில் பிஎல்எஸ் எதையும் பொருத்திக் காட்டும். முதல் கூறு இத்தனை சதவீதம் விளக்குகிறது என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். அதே எண் போலி வரைபடங்களில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பகுதிகளைத் திரும்பத் திரும்பத் தற்செயலாகத் தேர்ந்து மீள்மாதிரி எடுக்கும்போது கூறின் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூலக் கூறோடு குறியை ஒப்பிட்டுத் திருப்பவில்லை என்றால் மரபணுக்களின் எடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பட்டியல் குப்பையாகும்.

இத்தனை கழித்த பின்னும் மிஞ்சுவது இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பொருளை வைத்துக்கொள்ள வேண்டும். புலன், இயக்கப் புறணிகளில் தொடங்கி இயல்புநிலை வலையமைப்பு (ஓய்வில் தூக்கலாக இயங்குவது) போன்ற இணைப்புப் புறணிகள் வரை நீளும் சாய்வு உறுதியாக நிற்கிறது. 2018-இல் பர்ட் குழு நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் இரு வகை எம்ஆர்ஐ படங்களின் டி1, டி2 விகித வரைபடத்தோடு அதைப் பொருத்திக் காட்டியது. 2016-இல் க்ரியனென் குழு, மனிதப் புறணியின் மேலடுக்குகளில் செறிந்த மரபணுக்களின் பரவல் தொலைதூரப் புறணி இணைப்பின் அமைப்போடு ஒத்துப்போவதைச் சொன்னது. 2018-இல் ஆண்டர்சன் குழு ஸ்ட்ரையேட்டத்தின் பகுதிகளும் அவற்றின் இணைப் புறணி வலையமைப்புகளும் வெளிப்பாட்டிலும் ஒத்திருப்பதைக் காட்டியது. அடுத்தடுத்துக் கிடக்காத பகுதிகள் என்பதால் தூர மறுப்பு அங்கே எளிதாக ஏறாது. 2024-இல் டியர் குழு, கொடையாளருக்குக் கொடையாளர் நிலையான கோலம் கொண்ட மரபணுக்களை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒன்றாக இருந்த சாய்வை மூன்றாக விரித்தது. அகலமான சாய்வுகளுக்கு இந்த அட்லஸ் தாங்கும். ஒற்றை மரபணு, ஒற்றை இணைப்பு என்று சுருக்கிப் பிடித்தால் ஆறு பேரால் தாங்க முடியாது.

உங்கள் முடிவு தாங்குமா என்று அறிய மலிவான சோதனை ஒன்று உண்டு: கொடையாளர்களைத் தனித்தனியாகத் தரும் விசையைப் போட்டு, ஒருவரை விட்டுவிட்டு ஐந்து பேரோடு ஆறு முறை ஓட்டுங்கள். இரண்டு பெரிய கொடையாளர்களில் ஒருவரை எடுத்ததும் ஒட்டுறவு பாதியாகிறதா? அப்படியென்றால் நீங்கள் கண்டது அவருடைய மூளை.

மாற்றுகள்

குறியீடு எழுத வராதவர்களுக்கு, மரபணு வெளிப்பாட்டை மூளை வரைபடத்தோடு ஒப்பிடும் காம்பா வலைத்தளம் இருக்கிறது. எந்த வகைத் தற்செயலோடு ஒப்பிடுகிறோம் என்று தேர்ந்தெடுக்க வைப்பதே அதன் சிறப்பு. எனிக்மா கருவிப்பெட்டியில் அபாஜெனில் ஏற்கெனவே ஓட்டிவைத்த அட்டவணை கிடைக்கும். வகுப்பில் காட்டப் போதும், விசைகளை மாற்ற வழியில்லை. குழந்தை மூளையோ வளரிளம் மூளையோ உங்கள் கேள்வி என்றால் இந்த அட்லஸ் உதவாது. வளரும் மூளையின் தரவுத்தொகுப்பான பிரெய்ன்ஸ்பான் கருவிலிருந்து 40 வயது வரை போகிறது, ஆனால் 16 பகுதிகள்தான், வலையமைப்பு வரைய அவை போதாது. உயிரணு வகைகளைப் பிரிக்க வேண்டுமென்றால் 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த சிலெட்டி குழுவின் தொகுப்பு: சுமார் நூறு இடங்களிலிருந்து முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கருக்கள். கொடையாளர்கள் அதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆலன் அட்லஸில் கிடைத்த சாய்வை அதில் வைத்து எந்த அணு வகை அதைச் சுமக்கிறது என்று தேடுவது இப்போதைக்குப் பயனுள்ள ஜோடி.

அபாஜெனில் கடைசியாகச் சொல்ல வேண்டிய ஒரு விசை, அறிக்கை தருவது. போட்டால், நீங்கள் எடுத்த ஒவ்வொரு தேர்வையும் செய்முறைப் பகுதியில் ஒட்டக்கூடிய உரைநடையாக எழுதித் தந்துவிடும். அப்படியே ஒட்டலாம், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். பகுதிக்கு எத்தனை கொடையாளர் என்ற எண்ணிக்கை அட்டவணையைத் தனியாகச் சேமித்துத் துணைக்கோப்பில் சேருங்கள். படிப்பவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.